கோட்டின் எந்தப் பக்கம்

பகல் முழுக்க வெயில் குடித்த மேல்தளம்
சோம்பல் முறிக்கும் பூனைபோல் முதுகு வளைத்துக் கிடந்தது.
மேலே இரண்டு பிளாக்குகளும் உரசிக்கொள்ள,
கீழே பதினோரு மில்லிமீட்டர் வாய் பிளந்திருந்தது இடைவெளி.

"ஜாக்கி போட்டு இழுத்துவிடலாம், ஹில்க்கா" என்றான் உர்மாஸ்.
எஸ்தோனியாவிலிருந்து வந்து பதினாறு வருடம்.
இரும்பிடம் மட்டும் அவனுக்கு இன்னும் பொறுமை இல்லை.

இழுக்கலாம்தான்.
ஆப்பைச் செருகிச் சம்மட்டியால் நாலு போடு போட்டால்
எதுவும் எதனோடும் பொருந்தும்.
இழுத்த இழுப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்,
வாய் திறக்காமல்,
ஏதோ ஒரு பிப்ரவரிக் கடலில்
பட்டென்று ஒரு சத்தமாக வெளியே வரும்வரை.
என் கல்யாணத்தைச் சொல்லவில்லை.
இரும்பைத்தான் சொல்கிறேன்.

மூன்று மணிவரை பொறுப்போம் என்றேன்.

ஜூன் மாதத் துர்க்குவில் இரவு என்பது
வெளிச்சம் ஒருமுறை கண் சிமிட்டுவது.
கொசுக்கள் மட்டும் ஷிப்ட் மாறாமல் வந்தன.
ரை ரொட்டியும் புளிக்கவைத்த மீனும் தின்றோம்.
ஓஸ்தாப் தின்னவில்லை. வேலைக்கு வந்து ஏழாவது வாரம்.
போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தான்,
கப்பலுடையது அல்ல,
அவன் ஊருக்கு மேல் இப்போது
என்ன பறக்கிறது என்று காட்டுவது.

மூன்று பத்துக்குக் கையுறையைக் கழற்றிப்
புறங்கையால் தொட்டேன். சூடு இறங்கியிருந்தது.
இடைவெளி மேலும் நான்கு, கீழும் நான்கு,
நூல் பிடித்தாற்போல்.
உர்மாஸ் தோற்றதற்கு அடையாளமாக
எனக்குக் காப்பி ஊற்றினான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது நூற்றுப் பன்னிரண்டாம் விலா.
எதிர் பிளாக்கின் விலா
அதன் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தது.
ஏழு மில்லிமீட்டர் விலகல்.
தகட்டின் தடிமனும் ஏழு.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
கோட்டுக்குத் தடிமன் கிடையாது, இரும்புக்கு உண்டு.
எனவே கோடு கிழித்தால் மட்டும் போதாது,
இரும்பு அதன் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று
சுண்ணக்கட்டியால் ஒரு சின்ன அம்பும் போடவேண்டும்.

"இதைப் புள்ளி வைத்து ஒட்டியது யார்?"
ஃபோர்மேன் ஆர்வோ.
ஓஸ்தாப் கையை உயர்த்தினான். ஒட்டியது அவன்தான்.
ஆர்வோ எழுதத் தொடங்கினார்.

குனிந்து இரும்புப் பொடியைத் துடைத்தேன்.
முன்னால் பார்க்கவேண்டிய அம்பு
பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.
வால் சற்றே சுழித்த அம்பு.
இந்தத் தளத்தில் அப்படிப் போடுபவள் ஒருத்திதான்.

கையில் ஈரக் கையுறை. ஒரு தேய்ப்பு போதும்.
நாளை இதன்மேல் பஞ்சு வரும், பலகை வரும்,
பலகையில் ஒரு படகுப் படம் வரும்,
அதனடியில் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்குவார்கள்.
உர்மாஸ் கடலைப் பார்த்தான்.
அங்கே பார்க்க எதுவும் இல்லை.
பெரிய கிரேன் பாதி வட்டம் திரும்பி நின்றது.
அவ்வளவு நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்பு என்னுடையது."

ஆர்வோ எழுதியதை அழித்தார்.
நல்ல மனிதர். என் பெயரை எழுதினார்.

ஓஸ்தாப் தலைகூட அசைக்கவில்லை.
கிரைண்டரை எடுத்துப் புள்ளிகளை அறுக்கத் தொடங்கினான்.
நாலு மணிக்குத் தீவுகளின் பின்னாலிருந்து சூரியன்
வந்தால் தளம் மறுபடி முதுகு வளைக்கும்.
அரைமணிகூட இல்லை.

"புவோலி?" என்றான், அம்பைக் காட்டி.
எங்கள் மொழியில் பக்கத்துக்கும் அதுதான் சொல்,
பாதிக்கும் அதுதான்.
எதைக் கேட்கிறான் என்று தெரியாமலே
ஆமாம் என்றேன்.

சுண்ணக்கட்டியை வாங்கி
என் அம்பை ஒட்டி, எதிர்த்திசையில்
அவன் ஒன்று போட்டான், வால் சுழிக்காமல்.
பிறகு ஆப்பைப் பிடித்துக்கொண்டு
விரல்களை எடுக்காமல்,
அடி என்பதுபோல் என்னைப் பார்த்தான்.